பணம் கட்டியும் நூறு பவுண்டா?

இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. கார் நிறுத்துகிற இடத்துச் சண்டை. "இது ஆண்கள் விவகாரம் ஆயிற்றே, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கே லண்டனில் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போவதும், மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்டுவதும், வாரச் சாமான் வாங்கி வருவதும் பெரும்பாலும் நாம்தான். அந்த இடங்களில் காரை நிறுத்துவதும் நாம்தான். ஆனால் கடிதம் மட்டும் வீட்டுக்காரர் பெயருக்கு வரும். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விஷயம் இதுதான். பிரிட்டனில் பல கடைத்தெருக்களிலும், ஆஸ்பத்திரிகளிலும், டாக்டர் ஸர்ஜரிகளிலும் கார் நிறுத்தும் இடத்தைத் தனியார் கம்பெனிகள் நிர்வகிக்கின்றன. உள்ளே நுழையும்போது ஒரு காமிரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். வெளியே போகும்போது இன்னொரு படம். நடுவில் நாம் இயந்திரத்தில் கார் நம்பரை அடித்து, பணம் போட்டு, சீட்டு வாங்க வேண்டும். சில இடங்களில் பணம் கிடையாது. வரவேற்பு மேஜையில் இருக்கும் சின்னத் திரையில் நம்பரை மட்டும் அடித்தால் போதும். பிறகு கம்ப்யூட்டர் இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்க்கிறது. காமிரா பார்த்த நம்பர் பணம் கட்டியவர்கள் பட்டியலில் இல்லையென்றால், "இவர் பணம் கட்டவில்லை" என்று முடிவு கட்டி விடுகிறது. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அதற்கு அது வேறு கார்தான்!

அப்புறம் என்ன? அந்தக் கம்பெனி, ஸ்வான்ஸீயில் இருக்கும் டி.வி.எல்.ஏ. என்ற அரசாங்க வாகன இலாகாவுக்கு இரண்டரைப் பவுண்டு கட்டி, கார் யார் பெயரில் இருக்கிறது, விலாசம் என்ன என்று வாங்கிக் கொள்கிறது. சில நாளில் கடிதம் வந்து விழுகிறது. நூறு பவுண்டு கட்டு, பதினாலு நாளுக்குள் கட்டினால் அறுபது போதும் என்று.

எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு சின்னப் பெண்ணுக்கு இது நடந்தது. கைக்குழந்தைக்கு ஊசி போடும் நாள். வெளியே மழை, குழந்தை வீறிட்டு அழுகிறது, பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பணம் போட்டாள், சீட்டும் வாங்கினாள். இரண்டு வாரம் கழித்துக் கடிதம். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' என்ற எழுத்தை அடித்திருக்கிறாள். கடிதத்தைக் கணவன் கண்ணில் படாமல் எடுத்து வைத்து, மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்திருந்த அறுபது பவுண்டை யாருக்கும் தெரியாமல் கட்டி விட்டாள். ஆறு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

"ஏம்மா, பணம் கட்டின சீட்டு வைத்திருந்தாய் அல்லவா? ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே?"

"அபராதம்னு போட்டிருந்ததே அக்கா. போலீஸ், கோர்ட்டுன்னு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். வீட்டுல அத்தை வேற இருந்தாங்க. ஒரு நம்பர்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியலையான்னு கேட்டுடுவாங்களேன்னு..."

அந்த அறுபது பவுண்டில் பாதிப் பங்கு பயத்துக்கு, பாதிப் பங்கு வெட்கத்துக்கு என்று வைத்துக் கொள்ளுங்களேன். இதைப்போல் சத்தம் போடாமல் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? நான்கு பேர் கூடும் இடத்தில் பேச்சை எடுத்துப் பாருங்கள், "எனக்கும் வந்ததே" என்று ஒருத்தியாவது சொல்வாள்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். வந்த காகிதம் அபராதமே அல்ல. கவுன்சில் அனுப்புவதுதான் சட்டப்படியான அபராதச் சீட்டு. தனியார் கம்பெனி அனுப்புவது ஒரு பில், அவ்வளவுதான். "எங்கள் இடத்தில் நிறுத்தினாய், போர்டில் போட்டிருந்த நிபந்தனையை மீறினாய், ஆகவே இவ்வளவு தர வேண்டும்" என்கிற ஒப்பந்தக் கணக்கு. இரண்டுக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்து ஒன்றேதான், பி.ஸி.என்.; காகிதத்தின் அமைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. போலீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. லைசென்ஸில் புள்ளி விழாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் இடத்தில் காருக்குச் சக்கரப் பூட்டுப் போடுவதையும் 2012 அக்டோபரிலிருந்து சட்டம் தடுத்துவிட்டது.

அதற்காகக் குப்பையில் போட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. "கண்டுக்காதே, தானா போயிடும்" என்று சொல்லும் புண்ணியவான்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அதெல்லாம் பழைய கதை. செம்ஸ்ஃபோர்டு நகரத்துக் கடைவளாகம் ஒன்றில் இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். அங்கே ஐம்பத்தாறு நிமிஷம் கூடுதலாக நிறுத்திய ஒருவர், தனக்கு வந்த 85 பவுண்டு பில்லை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராகத்தான் வந்தது. இடம் சுழற்சியாக எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் கம்பெனிக்கு நியாயமான அக்கறை உண்டு, அதற்கு இந்தத் தொகை அதிகமில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து தனியார் பில்லுக்கும் ஒரு பலம் வந்துவிட்டது.

ஆனால் நம்முடைய விஷயம் அப்படியில்லையே! நாம் நேரம் கடந்து நிற்கவில்லை. கேட்ட பணத்தைக் கட்டியிருக்கிறோம். கம்பெனிக்கு ஒரு பென்னி நஷ்டமில்லை. வாதம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் நிற்க வேண்டும்: பணம் வந்து சேர்ந்தது, நம்பர் மட்டும்தான் மாறியது.

இப்படிப்பட்ட கைத்தவறுகளைக் கம்பெனிகளின் சங்கமே ஒப்புக் கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் 2020-ல் தன் விதித்தொகுப்பில் இதை இரண்டாகப் பிரித்தது. ஓர் எழுத்து தப்பு, எழுத்து முன்பின் மாறுவது, 'ஓ'வுக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம், இவையெல்லாம் சின்னத் தவறு. முறையிட்டால் பில்லையே ரத்து செய்துவிட வேண்டும். வேறொரு காரின் நம்பரை அடித்துவிடுவது, பல எழுத்துக்கள் தப்பாவது, முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுவது போன்றவை பெரிய தவறு. அப்போதும் பணம் கட்டியது நிரூபணமானால் முழுத் தொகை கேட்கக் கூடாது. செலவுக்காக 20 பவுண்டு மட்டும் கேட்கலாம். இந்தத் தொழிலில் சங்கங்கள் இரண்டு. 2024-ல் இரண்டும் சேர்ந்து ஒரே விதித்தொகுப்பாக வெளியிட்டன. கடிதத்தின் அடியில் இந்தச் சங்கங்களில் ஒன்றின் முத்திரை இருக்கும், பாருங்கள். எந்தச் சங்கம் என்பது பின்னால் தேவைப்படும்.

'ஓ', பூஜ்யம் விஷயத்தில் நம் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. பிரிட்டன் நம்பர் பிளேட்டில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்! 'ஐ' என்ற எழுத்துக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் அதே கதை. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாததைக் கை எப்படிச் சரியாக அடிக்கும்? ஆனால் வரிசை தெரிந்தால் புரிந்துவிடும். 2001 செப்டம்பரிலிருந்து வந்த நம்பர்களில் முதல் இரண்டும் எழுத்து, அடுத்த இரண்டும் எண், கடைசி மூன்றும் எழுத்து. ஆக மூன்றாவது, நான்காவது இடத்தில் இருப்பது பூஜ்யம்தான், 'ஓ'வாக இருக்கவே முடியாது. 'ஐ' என்ற எழுத்து இந்த வரிசையில் கிடையவே கிடையாது. (வட அயர்லாந்து நம்பர்களும், ஆசைக்கு விலை கொடுத்து வாங்கும் நம்பர்களும் வேறு கணக்கு.) மூன்றாவது இடத்தில் எழுத்தை அடித்தால் இயந்திரம் அங்கேயே "தப்பு" என்று சொல்லியிருக்கலாமே? அதைச் செய்யாமல் பணத்தை மட்டும் வாங்கிப் போட்டுக் கொள்கிறது. இதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் கட்டாயம் உறைக்கும்.

சரி, கடிதம் கையில் இருக்கிறது. என்ன செய்வது?

தேதியைப் பாருங்கள். கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் காமிரா மூலம் பிடித்திருந்தால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து பதினாலு நாளுக்குள் கடிதம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிந்தினால், கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் பணம் கேட்கும் உரிமை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி அவர்களுக்குப் போய்விடும். ஓட்டியவரிடம்தான் கேட்க முடியும். ஓட்டியவர் யார் என்று சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் தனியார் பில் விஷயத்தில் கிடையாது. ஆகவே கடிதம் பிந்தி வந்திருந்தால், காரின் சொந்தக்காரர் பெயரிலேயே, "ஓட்டியவர் பணம் கட்டினார்" என்று எழுதுவது புத்திசாலித்தனம். "நான் ஓட்டினேன், குழந்தை அழுதது" என்று கதை எழுதிக் கொட்டிவிடாதீர்கள்.

பிறகு சாட்சியம். இயந்திரம் கொடுத்த சீட்டில் தப்பான நம்பரே அச்சாகியிருக்கும். அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. சீட்டைத் தொலைத்துவிட்டீர்களா? கார்டில் கட்டியிருந்தால் பாங்க் கணக்கில் அன்றைய தேதியும் தொகையும் இருக்கும். போன் ஆப்பில் கட்டியிருந்தால் ரசீது அதிலேயே கிடக்கும். (பழைய காரை விற்றவர்கள் ஆப்பிலிருந்து அந்த நம்பரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். விற்ற காருக்கு விசுவாசமாக வாடகை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய.) சில்லறை போட்டவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். அவர்கள், "அன்று இந்த நேரத்தில் எங்கள் நம்பரை ஒத்த ஒரு நம்பருக்குப் பணம் கட்டப்பட்டதா என்று உங்கள் இயந்திரப் பதிவைப் பாருங்கள்" என்று கேட்கலாம். உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் விவரம், படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு, இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம், கடை பில் இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். மூலப் பிரதியை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கம்பெனிக்கு முறையிட இருபத்தெட்டு நாள் உண்டு. ஆனால் முதல் பதினாலு நாளுக்குள் எழுதுவதே மேல். அப்படி எழுதி அவர்கள் மறுத்தாலும், அந்த அறுபது பவுண்டு சலுகையைப் பெரும்பாலும் மறுபடி தருவார்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். பில் எண், தேதி, இடம், காரின் சரியான நம்பர், சீட்டில் விழுந்த நம்பர், கட்டிய தொகை. இது விதித்தொகுப்பு சொல்லும் சின்னத் தவறு, ஆகவே ரத்து செய்யுங்கள். அவ்வளவுதான். இங்கிலீஷ் சுமாராக இருந்தால் பரவாயில்லை. கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இணையத்தில் அனுப்பினால் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தபாலில் போட்டால் போஸ்ட் ஆபீஸில் அனுப்பியதற்கு அத்தாட்சி கேளுங்கள், காசு வாங்காமல் தருவார்கள்.

ஒன்று முக்கியம். "முதலில் கட்டிவிடுவோம், பிறகு கேட்டு வாங்கிக்கொள்வோம்" என்று நினைக்காதீர்கள். கட்டிவிட்டால் தவற்றை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு, வழக்கு முடிந்தது.

இன்னொரு வழியும் உண்டு, பெண்களுக்குக் கை வந்த வழி. அந்தக் கடை மானேஜரையோ ஸர்ஜரி வரவேற்பாளரையோ நேரில் போய்ப் பாருங்கள். இடம் அவர்களுடையது அல்லது அவர்கள் வாடகைக்கு எடுத்தது; கம்பெனியை அமர்த்தியதும் பெரும்பாலும் அவர்களோ அவர்களுடைய இடத்துச் சொந்தக்காரரோதான். "வாரா வாரம் இங்கேதான் சாமான் வாங்குகிறேன், இதோ அன்றைய பில்" என்று காட்டினால் ஒரே ஒரு மின்னஞ்சலில் ரத்தாகிவிடுவதும் உண்டு. எல்லா மானேஜரும் செய்வார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், இன்றைக்கும் தானே கார் ஓட்டுகிறார். அவர் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் மகனுடைய காரின் நம்பரை அடித்துவிட்டார். கடிதம் வந்ததும் மகன், "சும்மா கட்டிவிடுங்கோ அம்மா, ஏன் கரைச்சல்?" என்றாராம். இவர் விடவில்லை. "நான் காசு கட்டினனான்தானே, பிறகேன் நான் பயப்பட வேணும்?" என்று பாங்க் கணக்கையும் டாக்டர் கடிதத்தையும் நகல் எடுத்து எழுதினார். கம்பெனி முதலில், "வேறு காரின் நம்பர், ஆகவே நூறு" என்றது. விதித்தொகுப்பைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினார். இருபது பவுண்டுக்கு இறங்கி வந்தார்கள். அம்மா இருபதைக் கட்டினார். "அது என்ர பிழைக்குச் சரி. எண்பது அவையின்ர பிழைக்கு" என்று சொல்லிச் சிரித்தார். இதை முழு வெற்றி என்று சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கென்னவோ அந்தக் கணக்குப் பிடித்திருந்தது.

கம்பெனி அடியோடு மறுத்துவிட்டால் மேல் முறையீடு உண்டு. பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் கம்பெனியாக இருந்தால் 'பாப்லா', இன்னொரு சங்கத்துக் கம்பெனியாக இருந்தால் 'ஐ.ஏ.எஸ்.'. நமக்குச் செலவில்லை. பாப்லாவுக்குப் போக மறுப்புக் கடிதத்தில் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். இருபத்தெட்டு நாளுக்குள் போக வேண்டும். அங்கே தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். பாதகமாக வந்தால் நாம் கோர்ட்டில் வாதாடும் உரிமை போய்விடாது. ஆனால் அறுபது பவுண்டு சலுகை போய்விடும், நூறாக நிற்கும். அதை யோசித்துக் கொள்ளுங்கள். இரக்கத்துக்கு அங்கே இடமில்லை என்பதும் ஞாபகமிருக்கட்டும். குழந்தை அழுதது, மழை பெய்தது எல்லாம் எடுபடாது. பணம் கட்டியதற்கு ஆதாரம், விதித்தொகுப்பு, போர்டு தெளிவாக இல்லாததற்குப் புகைப்படம், இவைதான் பேசும்.

இதற்கு மேலும் கட்டாமல் இருந்தால், வசூல் கம்பெனிகளிடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதம் வரும். எழுபது பவுண்டு வரை கூட்டிக் கேட்பார்கள். அவர்களால் வீட்டுக்குள் வர முடியாது, சாமானைத் தொட முடியாது. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் யாராலும் முடியாது. அந்தக் கடிதங்களுக்கு நடுங்க வேண்டியதில்லை.

நடுங்காவிட்டாலும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய கடிதங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, வழக்குப் போடப் போகிறோம் என்று முப்பது நாள் தவணை கொடுத்து வரும் கடிதம். இன்னொன்று, நிஜமான கௌண்டி கோர்ட் படிவம். அதற்குப் பதினாலு நாளுக்குள் "கிடைத்தது" என்று பதில் போட்டால், எதிர்வாதம் எழுத மொத்தம் இருபத்தெட்டு நாள் கிடைக்கும். பதிலே போடாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால் அது ஆறு வருஷம் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடனுக்கு மனுப் போடும் நாளில்தான் அது தலையைத் தூட்டும். வீடு மாறியவர்கள் லாக் புக்கில் விலாசத்தை உடனே மாற்றுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். பழைய வீட்டு வாசலில் கடிதம் குவிந்து கிடக்க, தீர்ப்பே வந்துவிட்ட பிறகு தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு.

கோர்ட் கடிதம் வந்தபின் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. மகள் இயந்திரத்தின் முன் குழந்தையோடு தடுமாறும்போது, குழந்தையை வாங்கிக் கொள்ளுங்கள். சீட்டு வந்ததும் அதில் இருக்கும் நம்பரையும் காரில் இருக்கும் நம்பரையும் ஓர் எழுத்து விடாமல் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மாறியிருந்தால் அப்போதே போர்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யலாம், அல்லது உள்ளே போய் வரவேற்பாளரிடம் சொல்லிப் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வரலாம். சீட்டைக் கைப்பைக்குள் கசக்கிப் போடாமல், வீட்டில் பால் கணக்கு, பள்ளிக்கூடக் கடிதம் வைக்கும் இடத்தில் இரண்டு மாதமாவது வைத்திருங்கள்.

போனில் குறுஞ்செய்தியாக "பார்க்கிங் பணம் பாக்கி, இங்கே தொடவும்" என்று வந்தால் மட்டும் தொடாதீர்கள். அது இந்தக் கம்பெனிகள்கூட இல்லை, அசல் திருடர்கள்.